உங்களுக்குத் தெரியுமா? தொப்பைக்கு ஒரு லேசர் ஒத்திகை!

தொப்பைக் கொழுப்பின் மேல் லேசரைச் சுடுவதற்கு முன்னால், அதே லேசரை கம்ப்யூட்டருக்குள் சுட்டு ஒத்திகை பார்க்கிறார்கள்! தோல், கொழுப்பு, சூடு, காயம் எல்லாமே அங்கே வெறும் எண்கள்!

2008-ல் பிரான்ஸின் செர்ஜ் மோர்டோன் குழு இப்படி ஒரு ஒத்திகையை நடத்தியது. விடை என்ன வந்தது தெரியுமா? 5 கன சென்டிமீட்டர் கொழுப்பு போக வேண்டுமானால், லேசர் தர வேண்டிய ஆற்றல் 3,000 ஜூல்!

5 கன சென்டிமீட்டர் எவ்வளவு என்று பார்க்க ஆசையா? சமையலறையில் இருந்து டீஸ்பூனை எடுத்து வாருங்கள். அதில் நிரம்பும் அளவு. அவ்வளவேதான்!

3,000 ஜூல் என்றதும் மிரண்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக் கணக்கில் அது ஒரு கலோரிகூடத் தேறாது! கால் கிராம் சர்க்கரையில் அதைவிட அதிக ஆற்றல் இருக்கிறது!

அதே ஒரு டீஸ்பூன் கொழுப்பை வேர்க்க விறுவிறுக்க நடந்து எரிக்கப் பாருங்கள். சுமார் 40 கலோரி செலவாகும்! லேசருக்கு மட்டும் எப்படி முக்கால் கலோரி போதும்? லேசர் கொழுப்பை எரிப்பதே இல்லை. கொழுப்பு அடைத்து வைத்திருக்கும் செல்லின் சவ்வைத்தான் உடைக்கிறது!

‘கொழுப்பை உருக்குகிறோம்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, உருக்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது? உடம்பின் 37 டிகிரிச் சூட்டில் அந்தக் கொழுப்பு ஏற்கெனவே எண்ணெயாகத்தான் இருக்கிறது!

ஒரு கொழுப்பு செல் எவ்வளவு பெரியது? குண்டாக வளர்ந்தது என்றால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. வரிசையாக 10 நிறுத்தினால் 1 மில்லிமீட்டர்!

மங்கலான அறையில் ஒரு சிவப்பு விளக்கு

ஆபரேஷன் அறையின் விளக்கைக் குறைக்கிறார்கள். தோலுக்கு அடியில் ஒரு சிவப்புப் பொட்டு மின்னுகிறது. முன்னே போகிறது, பின்னே வருகிறது, மறுபடி முன்னே. மின்மினிப் பூச்சி ஒன்று வயிற்றுக்குள் புகுந்துகொண்ட மாதிரி! லேசரின் முனை இப்போது எங்கே இருக்கிறது என்பதை டாக்டருக்குக் காட்டிக்கொடுப்பது அந்தப் பொட்டுதான்!

அந்தச் சிவப்பு எதையும் செய்வதில்லை. வழிகாட்டி மட்டுமே! வேலை செய்யும் நிஜ லேசரின் அலைநீளம் 1,064 நானோமீட்டர். மனிதக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது!

கண்ணுக்குத் தெரியாதே தவிர, கண்ணுக்குள் போகும்! விழித்திரை வரை ஜம்மென்று போய்ச் சுட்டுவிடும். கூசினால்தானே இமை மூடும்? கூசவே கூசாது. அதனால்தான் அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் லேசரைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி!

லேசரைத் தாங்கிப் போகும் கண்ணாடி இழை எவ்வளவு மொத்தம்? 300 மைக்ரான். அந்த இழையை ஏந்திச் செல்லும் குழாய் 1 மில்லிமீட்டர். பால்பாயின்ட் பேனாவின் ரீஃபிலே அதற்கு அண்ணன்!

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வகை லேசருக்கு முதன்முதலில் பச்சைக்கொடி காட்டியது 2006-ல். அதன் சராசரி சக்தி வெறும் 6 வாட். உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு இதைவிடப் பெரிய ஆள்!

அவசரப்பட்டு ஏளனம் செய்துவிடாதீர்கள். லேசர் விட்டுவிட்டுத்தான் மின்னுகிறது. விநாடிக்கு 40 மின்னல். ஒவ்வொரு மின்னலும் விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்தக் கணத்தில் மட்டும் அதன் சக்தி 1,500 வாட்! பல்பாக இருந்தது சட்டென்று ஹீட்டர் ஆகிவிட்டது!

ஒரு மின்னலில் எத்தனை போட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், பாய்கின்றன? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சுமார் 8,000 கோடி கோடி! ‘கோடி’ இரண்டு தடவை வந்திருக்கிறது. அச்சுப் பிழை இல்லை!

டாக்டரின் கை என்ன வேகத்தில் போய் வருகிறது? பிரெஞ்சுக் குழு அதையும் வீடியோ எடுத்து அளந்தது. விநாடிக்கு 10 சென்டிமீட்டர்! கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கற்பனை ஊசியும் அதே வேகத்தில் போய் வந்தது. கை பழகிய டாக்டரையே காப்பி அடித்தது கம்ப்யூட்டர்!

ஊசி போன ஆழம் 8 மில்லிமீட்டர். மேல்தோலில் அதிகபட்சச் சூடு 41 டிகிரி என்று கம்ப்யூட்டர் சொன்னது. அகச்சிவப்புக் கேமராவால் நிஜ நோயாளிகளை அளந்தார்கள். அதே 41 டிகிரி!

தோலின் அடிப்பக்கம் எவ்வளவு சூடு ஏறியது? அங்கே அகச்சிவப்புக் கேமராவின் பார்வை எட்டாது. கம்ப்யூட்டர் எட்டிப் பார்த்துச் சொன்ன விடை, 48 முதல் 50 டிகிரி! கொழுப்பு போன இடத்தில் தோல் தொங்காமல் இறுகிக்கொண்டதே, அதன் மர்மம் இந்த 50 டிகிரியில் உடைந்தது!

சீட்டு விளையாடியவர் கண்டுபிடித்த கணக்கு

கொழுப்புக்குள் ஒளி எப்படிப் போகும் என்று கணக்குப் போடும் ஒரு முறைக்குப் பெயர் மான்டி கார்லோ. ஆமாம், சூதாட்ட கிளப்புக்குப் பேர்போன அதே ஊர்தான்!

1946-ல் உடம்பு சரியில்லாமல் ஓய்வில் இருந்தார் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலம். பொழுது போகாமல் தனியாளாகச் சீட்டு விளையாடினார். இந்த ஆட்டம் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? ஃபார்முலா எதற்கு, நூறு தடவை ஆடிப் பார்த்து எண்ணிவிடலாமே என்று தோன்றியது. பிறந்துவிட்டது ஒரு கணித முறை!

பெயர் எப்படி வந்தது என்பது அதைவிட ஜோர். உலமின் மாமா ஒருவர் மான்டி கார்லோ போவதற்காகச் சொந்தக்காரர்களிடம் கடன் கேட்பாராம். அது நினைவுக்கு வந்து பெயர் வைத்தவர் உலமின் சக விஞ்ஞானி நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ். கடன்கார மாமா கணக்குப் புத்தகத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டார்!

இந்த முறை முதலில் கட்டிக்கொண்டது எதை? அணுகுண்டு ஆராய்ச்சியை! 1948-ல் அதை ஓட்டிய எனியாக் கம்ப்யூட்டரின் எடை சுமார் 30 டன். ஆறேழு யானை!

அணுகுண்டுக்குள் நியூட்ரான் ஓடிய கணக்கை, உடல் திசுவுக்குள் ஒளி ஓடும் கணக்காக 1983-ல் மாற்றியவர்கள் விஞ்ஞானிகள் வில்சனும் ஆடமும். குண்டில் இருந்து குண்டானவர்களுக்கு வந்து சேர 35 வருடம்!

இப்போது ஒரே ஒரு போட்டானின் பின்னால் ஓடுவோம், வாருங்கள். கம்ப்யூட்டர் அதைத் தோலுக்குள் விடுகிறது. கையில் முழுப் பணம், 1 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குதி குதிக்கிறது. தூரம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். நின்ற இடத்தில் கொஞ்சம் சில்லறையைக் கொட்டுகிறது. அந்தச் சில்லறைதான் சூடு! தலையைத் திருப்புகிறது. எந்தப் பக்கம்? கம்ப்யூட்டர் பகடை உருட்டிச் சொல்கிறது. மறுபடி குதி, கொட்டு, திரும்பு. கையில் பைசாவில் நூறில் ஒரு பங்கு மிஞ்சும் வரை இதே ஆட்டம்தான்!

காசு தீர்ந்தபின் என்ன? உயிர் பிழைக்க ஒரே ஒரு வாய்ப்பு. மறுபடி பகடை! பத்தில் ஒன்றுக்குப் பிழைப்பு. பத்தில் ஒன்பதுக்கு அங்கேயே சாவு. இந்தக் கட்டத்துக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் ‘ரஷ்யன் ரூலட்’. நான் சூட்டியதில்லை, சத்தியம்!

இப்படி எத்தனை போட்டான்களை ஓட்டுவார்கள்? லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில்! விடையில் வரும் பிழை பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டுமா? போட்டான்களை 100 மடங்காக்க வேண்டும்!

பகடைக்குத் தாறுமாறான எண்கள் வேண்டுமே? 1955-ல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் போட்டார்கள். கதை கிடையாது, கட்டுரை கிடையாது. பக்கம் பக்கமாகத் தாறுமாறான இலக்கங்கள். மொத்தம் 10 லட்சம்!

நட்சத்திரத்தில் இருந்து தொப்பைக்கு

போட்டான் தலையைத் திருப்பும் கோணத்துக்கு ஒரு ஃபார்முலா உண்டு. 1941-ல் ஹென்யேயும் கிரீன்ஸ்டைனும் எழுதியது. எதற்காக என்கிறீர்கள்? பால்வெளி மண்டலத்தில் தூசியில் பட்டு நட்சத்திர ஒளி எப்படிச் சிதறுகிறது என்று பார்க்க! இன்று அதே ஃபார்முலா தொப்பைக்குள்!

அவர்கள் இருவரும் வேலை பார்த்தது அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில். அதே சமயம் அங்கே இருந்த இன்னொருவர் யார்? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம்ம எஸ். சந்திரசேகர்!

நட்சத்திரங்களுக்குள் ஒளி முட்டி மோதி வெளியே வரும் கதையை சந்திரசேகர் ‘ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்’ என்ற புத்தகமாக எழுதினார், 1950-ல். தோலுக்குள் ஒளி போகும் கணக்கைப் போடுபவர்களும் புரட்டுவது அதைத்தான். நட்சத்திரத்துக்கு எழுதியது வயிற்றுக்கும் பொருந்துகிறது!

1983-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். சந்திரசேகருக்கு நோபல் பரிசு அந்த வருடம். திசுவுக்குள் மான்டி கார்லோ நுழைந்தது அந்த வருடம். சரியான நிற லேசரைத் தேர்ந்தெடுத்தால், வேண்டாததை மட்டும் சுட்டு மற்றதை விட்டுவிடலாம் என்று டாக்டர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் சொன்னதும் அதே வருடம். மூன்றும் 1983!

வெப்பம் பரவும் சமன்பாட்டைத் தந்தவர் ஃபூரியர், 1822-ல். நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்வந்தவர். அவருடைய சமன்பாடு இல்லாமல் எந்த லேசர் ஒத்திகையும் ஒரு விநாடிகூட ஓடாது!

உடம்பைக் குட்டிக் குட்டித் துண்டாக வெட்டிக் கணக்குப் போடும் முறை எங்கே வளர்ந்தது? 1950-களில் போயிங் விமானக் கம்பெனியில்! இறக்கை ஒடியாமல் இருக்கப் போட்ட கணக்கு இப்போது இடுப்பு மடிப்புக்கு!

ரத்தம் ஓடிச் சூட்டைத் தணிக்குமே, அதற்கும் ஒரு சமன்பாடு உண்டு. 1948-ல் ஹாரி பென்னஸ் தந்தது. மனிதர்களின் முன்கையில் வெப்ப உணர்வுக் கம்பியை ஒரு பக்கம் நுழைத்து மறு பக்கம் இழுத்து அளந்தார். அந்தக் கைகளின் புண்ணியம், இன்றுவரை உலகமெங்கும் ஓடுகிறது!

ஒரு பன்றி, ஒரு குச்சி ஐஸ், ஒரு கடற்படை

எத்தனை டிகிரிக்கு எத்தனை நேரத்தில் தோல் வெந்துபோகும்? 1947-ல் ஹார்வர்டின் மோரிட்ஸும் ஹென்ரிக்கஸும் பன்றித் தோலில் பார்த்தார்கள். 44 டிகிரியில் சுமார் 6 மணி நேரம். 60 டிகிரியில் 5 விநாடி!

அந்தச் சோதனையில் கிடைத்த ஓர் எண் இன்னும் லேசர் ஒத்திகைகளில் உலாவுகிறது. 31 என்று எழுதி, பின்னால் 97 பூஜ்யம் போடுங்கள். அதுதான்! பிரபஞ்சத்தில் கண்ணுக்கு எட்டிய அத்தனை அணுக்களின் எண்ணிக்கையும் இதன் கால் தூசு!

சேதத்தின் அளவு ‘1’ ஆகிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னால் செல்கள் மொத்தமும் அவுட் என்று நினைப்பீர்கள். இல்லை. அவுட்டானது 63 சதவீதம்தான்!

2006-ல் ராக்ஸ் ஆண்டர்சன் குழு அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்துக்குப் பன்றிக் கொழுப்பை எடுத்துக்கொண்டு போனது. அணுக்கருவை உடைத்து ஆராயும் இடம் அது! அங்கே கடற்படைப் பணத்தில் வளர்ந்த ராட்சத லேசரைக் கொழுப்பின் மேல் காட்டினார்கள். தண்ணீரைவிடக் கொழுப்பு அதிகமாகச் சூடேறிய அலைநீளங்களில் முக்கியமானவை இரண்டு. 1,210 நானோமீட்டர், 1,720 நானோமீட்டர்!

அந்த 1,720-க்குப் பக்கத்து வீட்டு லேசர் இன்று என்ன செய்கிறது? முகப்பருவை விரட்டுகிறது! 1,726 நானோமீட்டர் லேசருக்கு அனுமதி கிடைத்தது 2022-ல். பருவுக்குக் காரணமான சுரப்பியிலும் எண்ணெய்தானே!

சூட்டால் கொழுப்பைத் துரத்திய அதே ஆண்டர்சன், குளிராலும் துரத்தினார்! குச்சி ஐஸ் சப்பிய குழந்தைகளின் கன்னத்தில் கொழுப்பு வாடிப்போவதை டாக்டர்கள் 1970-லேயே எழுதிவைத்திருந்தார்கள். குளிரூட்டிக் கொழுப்பைக் குறைக்கும் கருவிக்கு அனுமதி வந்தது 2010-ல். குச்சி ஐஸில் இருந்து கருவிக்கு 40 வருடம்!

ஊசியே குத்தாமல் வெளியில் இருந்தே சுடும் லேசரும் வந்துவிட்டது, 2015-ல். 1,060 நானோமீட்டர். கொழுப்பை 42 முதல் 47 டிகிரிக்குள் பிடித்துவைக்கும். மேலே தோலுக்குக் குளிர்ச்சி, கீழே கொழுப்புக்கு அடுப்பு. மொத்தம் 25 நிமிடம்!

ஸ்வீடனுக்கும் தொப்பைக்கும் என்ன பந்தம்?

இது முழுக்க முழுக்க என் கண்டுபிடிப்பு, கேளுங்கள். செல் எப்போது சாகும் என்று சொல்லும் சமன்பாட்டுக்கு அடிப்படை அரீனியஸ் தந்தது, 1889-ல். அவர் ஸ்வீடன்காரர். அவர் அன்று ஆராய்ந்தது என்ன? கரும்புச் சர்க்கரை! கரியமில வாயு கூடினால் பூமி சூடேறும் என்று 1896-லேயே கணக்குப் போட்டவரும் இவரேதான்!

1,064 நானோமீட்டர் ஒளியைத் தரும் படிகத்தில் இட்ரியம் இருக்கிறது. அந்தப் பெயர் இட்டர்பி என்ற ஊரில் இருந்து வந்தது. ஸ்வீடன்! அந்த ஒரே ஊர் பெயர் கொடுத்த தனிமங்கள் மட்டும் 4!

அந்தப் படிகத்துக்கு இன்னொரு பிழைப்பும் இருந்தது. போலி வைரமாக மோதிரத்தில் உட்கார்ந்திருந்தது!

அந்தப் படிகத்தின் லேசர் வந்தது 1964-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில். அதே வருடம், அதே ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்ஸைடு லேசரைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறந்த குமார் படேல். தோல் சிகிச்சையில் இரண்டு லேசருமே இன்றும் சூப்பர் ஸ்டார்கள்!

மறுபடி ஸ்வீடன்! 2008-ல் பிரெஞ்சுக் குழு பயன்படுத்திய ஃபெம்லாப் சாஃப்ட்வேர் ஸ்டாக்ஹோமில் பிறந்தது!

ஒத்திகையைச் சரிபார்க்கப் போலித் தோல் வேண்டுமே? நோயாளிக்கு ஊசி வழியாக ஏற்றும் கொழுப்புப் பால் இருக்கிறது, இன்ட்ராலிப்பிட். அதைத்தான் கலந்து வைக்கிறார்கள். சோயா எண்ணெயும் முட்டை மஞ்சள் கருச் சத்தும் சேர்ந்தது. ஊர்? ஸ்வீடன், 1962!

மணிக்கணக்கில் ஓடிய மான்டி கார்லோவை 2008-ல் வீடியோ கேம் கார்டில் ஓட்டிப் பார்த்தார்கள். சுமார் 1,000 மடங்கு வேகம்! ஓட்டியவர்கள் லுண்ட் பல்கலைக்கழகத்தார். லுண்ட் எங்கே இருக்கிறது என்று இனி உங்களுக்கே தெரியும்!

அதே 2008-ல், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் கொழுப்பு செல்லின் வயதையே கண்டுபிடித்தார்கள். எப்படி? பனிப்போர் காலத்து அணுகுண்டு சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பன்-14, அந்தக் காலத்து மனிதர்களின் தொப்பைக்குள்ளும் பதிவாகியிருந்தது. குண்டு போட்ட தேதி கொழுப்பில்!

அவர்கள் சொன்ன கணக்கு இன்னும் அதிசயம். வருடத்துக்கு 10 சதவீதக் கொழுப்பு செல்கள் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. எடை கூடினாலும் குறைந்தாலும் பெரியவர்களின் உடம்பில் எண்ணிக்கை அப்படியே! பட்டினி கிடந்தால் செல் இளைக்கும். எண்ணிக்கை குறையாது!

கடைசியாக, அந்த டீஸ்பூன்!

6 வாட் லேசர் 3,000 ஜூலைக் கொட்ட எத்தனை நேரம் பிடிக்கும்? 500 விநாடி!

அந்த 500 விநாடியில் ஊசி முனை வயிற்றுக்குள் போய் வந்த தூரம் 50 மீட்டர். தடகள மைதானத்தின் நூறு மீட்டர் ஓட்டத்தில் பாதி!

லேசர் மின்னிய தடவை 20,000! அத்தனை மின்னலையும் ஒட்டிப் பார்த்தால் லேசர் எரிந்திருந்த நேரம் எவ்வளவு? வெறும் 2 விநாடி!

இன்னும் ஒன்றே ஒன்று. 500 விநாடி என்றால் 8 நிமிடம் 20 விநாடி. இந்த எண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே! சூரியனில் இருந்து கிளம்பிய ஒளி பூமிக்கு வந்து சேரும் நேரம். அங்கே 15 கோடி கிலோமீட்டர். இங்கே 1 டீஸ்பூன்!